எக்கோ, இதய சி.டி., எம்.ஆர்.ஐ. கற்று, கூடவே இதய மறுவாழ்வும் நடத்தலாமா?

"இறுதியாண்டு" என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். டி.எம். கார்டியாலஜி (இதயவியல் உயர்படிப்பு) மூன்றாம் ஆண்டு. கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) பக்கம் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) ஆழமாகப் போய், இதய சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் படிக்கும் அளவுக்குக் கற்று, பிறகு ஒரு மாவட்டத் தலைநகரில் இமேஜிங்கோடு சேர்த்து இதய மறுவாழ்வுப் பிரிவு (மாரடைப்பு, அறுவைக்குப் பின் மேற்பார்வையில் பயிற்சி தரும் இடம்) ஒன்றும் தொடங்க எண்ணம். என் சந்தேகங்கள்:

எத்தனை எக்கோ செய்தால் "தெரியும்" என்று சொல்லலாம்? சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் ரேடியாலஜி கையில் இருக்கும்போது கார்டியாலஜிஸ்ட்டுக்கு அங்கே என்ன வேலை? மறுவாழ்வுப் பிரிவுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்? இமேஜிங்கும் மறுவாழ்வும் வெவ்வேறு திசை, ஒன்றை மட்டும் எடு என்கிறார்கள். அது சரியா?

நீள்அச்சு பதில்:

டாக்டர், எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கப் பயிற்சி வழிகாட்டலில் எக்கோவுக்கு மூன்று நிலை. முதல் நிலைக்கு 75 எக்கோ கையால் செய்து 150 படித்திருக்க வேண்டும். இரண்டாம் நிலைக்கு 150, 300. மூன்றாம் நிலைக்கு 300, 750. ஐரோப்பியச் சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வோடு 250 கேஸ் கொண்ட பதிவேடு. டி.எம். முடிக்கும் பெரும்பாலோர் இந்த எண்களைத் தாண்டியிருப்பார்கள். ஆனால் அந்த 750-இல் 600 "நார்மல் ஸ்டடி" என்றால் பயனில்லை. வால்வு, கார்டியோமயோபதி, பெரிகார்டியம், பிறவிக் குறை, செயற்கை வால்வு என்று பதிவேட்டைப் பிரித்து எழுதுங்கள். எந்தப் பத்தி காலியாக இருக்கிறதோ அதைத் தேடிப் போங்கள்.

இரண்டாவது, எக்கோ முனையான ப்ரோப்பைக் கையில் பிடியுங்கள். டெக்னீஷியன் எடுக்க, டாக்டர் கையெழுத்துப் போடும் வழக்கத்தில் வளர்ந்தவருக்குப் படம் எங்கே பொய் சொல்கிறது என்று கடைசிவரை தெரியாது.

ஒரு கணக்கு பாருங்கள். பெருந்தமனி வால்வு சுருக்கத்துக்கு வால்வுப் பரப்பைக் கணக்கிட எல்.வி.ஓ.டி. (இடது வென்ட்ரிக்கிளின் வெளியேறு பாதை) விட்டம் அளக்கிறோம். 20 மி.மீ. என்று அளந்தால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. அதே இடத்தை நடுவை விட்டுச் சற்று விலகி வெட்டி 18 மி.மீ. என்று அளந்தால் 2.54. வி.டி.ஐ. விகிதம் (அந்தப் பாதையிலும் வால்விலும் டாப்ளரில் அளந்த ரத்த ஓட்ட அளவுகளின் விகிதம்) மூன்றில் ஒன்று என்றால் முதல் அளவில் வால்வுப் பரப்பு 1.05, இரண்டாவதில் 0.85. 1.0-க்குக் கீழே வந்தால் "தீவிரம்". 2 மி.மீ. பிழையில் ஒருவர் அறுவைப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்! விட்டம் தன்னாலேயே பெருக்கப்பட்டு வர்க்கமாவதால் வரும் வினை இது. ஆகவே விட்டமே சேராத வி.டி.ஐ. விகிதத்தையும் அறிக்கையில் எழுதுங்கள். 0.25-க்குக் கீழ் என்றால்தான் தீவிரத்தின் பக்கம் சாயும். 0.33 என்று வந்து பரப்பு "தீவிரம்" என்று சொன்னால் மறுபடி அளக்க வேண்டும்.

வேகத்திலும் இதே கவனம். உச்ச வேகம் 4 மீ/வி, சராசரி கிரேடியன்ட் (வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம்) 40 மி.மீ. பாதரசம் என்பவை தீவிரத்தின் எல்லைகள். ஏபெக்ஸிலிருந்து (இதய முனை) மட்டும் பார்த்து 3.6 என்று எழுதியவரை வலது பாராஸ்டெர்னலில் (நெஞ்செலும்பின் வலது ஓரம்) பென்சில் ப்ரோப் வைத்துப் பார்த்தால் 4.3 வருவதுண்டு. நோயாளியை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சோம்பல்பட்டதன் விலை அது. எக்கோ நேரத்து ரத்த அழுத்தத்தையும் அறிக்கையில் குறியுங்கள். 190/100-இல் எடுத்த கிரேடியன்ட்டை நம்பக்கூடாது. ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம்) உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்து கிரேடியன்ட்டும் குறைவாக இருந்தால், கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யில் வால்வின் கால்சியம் ஸ்கோரைப் பாருங்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 அலகு தாண்டினால் தீவிரச் சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஈ.எஃப். (ஒரு துடிப்பில் இடது வென்ட்ரிக்கிள் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) பற்றி: "கண்ணால் பார்த்து 55" என்று எழுதும் பழக்கத்தை இப்போதே விடுங்கள். இரு தளங்களில் உள்விளிம்பை வரைந்து அளக்கும் சிம்ப்சன் முறை. ஏபெக்ஸ் குட்டையாகத் தெரிந்தால் ஈ.எஃப். கூடுதலாக வரும், ஏபெக்ஸில் இருக்கும் ரத்தக்கட்டியும் தப்பிவிடும். ஒரு விலா இடைவெளி கீழே இறங்கிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பகுதிகளின் உள்விளிம்பு தெரியாவிட்டால் எக்கோ கான்ட்ராஸ்ட். ஸ்ட்ரெய்ன் (தசை சுருங்கும் அளவு) எடுக்க ஃப்ரேம் வேகம் நொடிக்கு 40 முதல் 80 இருக்க வேண்டும். கீமோ எடுப்பவரை ஒவ்வொரு முறையும் ஒரே நிறுவனத்துக் கருவியில் பாருங்கள். அடிப்படை அளவிலிருந்து ஜி.எல்.எஸ். (நீளவாக்கு ஸ்ட்ரெய்ன்) 15 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அது செய்தி. கருவி மாறினால் அந்த ஒப்பீடே செல்லாது.

நம் ஊரில் ருமாட்டிக் மைட்ரல் சுருக்கம் இன்னும் ஓயவில்லை. இலைகளின் நுனியில் பிளானிமெட்ரி (திறப்பை வரைந்து பரப்பு அளப்பது) செய்யக் கை பழக வேண்டும். 220-ஐ பிரஷர் ஹாஃப் டைமால் (அழுத்த வித்தியாசம் பாதியாகும் நேரம்) வகுக்கும் சூத்திரம் பலூன் போட்ட கையோடு பொருந்தாது. இடது ஆரிக்கிளின் இணக்கம் திடீரென்று மாறுவதுதான் காரணம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் குறைந்தது 5 துடிப்புகளின் சராசரி. வில்கின்ஸ் ஸ்கோர் (வால்வு பலூனுக்கு ஏற்றதா என்ற மதிப்பெண்) 16-க்கு 8 அல்லது அதற்குக் கீழ் என்பதோடு நின்றுவிடாமல், கமிஷர் (இலைகள் இணையும் ஓரம்) இரண்டிலும் கால்சியம் இருக்கிறதா என்று தனியாக எழுதுங்கள். பலூன் கிழிப்பது அங்கேதான்.

சொந்தமாகக் கருவி வாங்குவதானால் முதலில் பி.சி.பி.என்.டி.டி. (கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம்) பதிவை முடியுங்கள். இதயத்துக்கு மட்டும்தானே என்று விட்டுவிடாதீர்கள். கருவியை வேறு கட்டடத்துக்கு மாற்றும் முன்னும் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காந்தப்புலம் பதில்:

சி.டி., எம்.ஆர்.ஐ. பற்றி நான் சொல்கிறேன்.

ரேடியாலஜியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரே திரைமுன் இருவரும் உட்கார்ந்து படிக்கும் ஏற்பாடுதான் நோயாளிக்கு நல்லது. நுரையீரலில் இருக்கும் 9 மி.மீ. முடிச்சை அவர் விடமாட்டார். எல்.ஏ.டி.யில் (இதயத்தின் முன்பக்கக் கரோனரித் தமனி) இருக்கும் 60 சதவீத அடைப்பு இவருடைய வலிக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்கள் சொல்வீர்கள். எம்.ஆர்.ஐ.யில் தனியாகப் படிக்க 150 கேஸ், ஒரு பிரிவை நடத்த 300 கேஸ் என்பது சர்வதேச வழிகாட்டல்.

கரோனரி சி.டி. கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்கேன் அறைக்கு வெளியே. துடிப்பு 60-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மெட்டோப்ரோலால் 50 முதல் 100 மி.கி. வாய்வழி. ஆஸ்துமா, ஹார்ட் பிளாக், ரத்த அழுத்தம் மூன்றையும் கேட்டுவிட்டுத்தான். டேபிளில் ஏறியபின் ஊசியில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் பதற்றத்திலேயே துடிப்பு 80-க்குப் போய்விடும். வலது முழங்கை மடிப்பில் 18 கேஜ் ஊசி. நொடிக்கு 5 மி.லி. வேகத்தில் கான்ட்ராஸ்ட் போக வேண்டியிருப்பதால், கைப்பின்புற ரத்தக்குழாயில் 22 கேஜ் போட்டு அனுப்பினால் வேலைக்கு ஆகாது. நாக்கடியில் நைட்ரேட் கொடுக்கும் முன் சில்டனாஃபில் வகை மாத்திரை எடுத்தாரா என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். மனைவி, பிள்ளைகள் முன் கேட்டால் உண்மை வராது. மூச்சை அடக்கும் பயிற்சியை வெளியிலேயே கொடுத்து, அப்போது துடிப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

கால்சியம் அதிகமிருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்ட்டின் உள்ளே பார்ப்பது கடினம். இந்த இரண்டு வகையினரையும் வேறு சோதனைக்கு அனுப்பும் துணிவு வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் நீங்கள் கற்கவேண்டிய முதல் விஷயம் வடுப் படம். காடோலினியம் போட்டு 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, இயல்பான தசை முழுக் கறுப்பாகும் டி.ஐ.யைக் (இன்வர்ஷன் நேரம்) கண்டுபிடித்து எடுக்க வேண்டும். டி.ஐ. தவறினால் தசை சாம்பல் நிறமாகி வடு மறையும். மருந்து வடிய வடிய டி.ஐ.யையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். டி.ஐ. சற்றுத் தவறினாலும் தாங்கும் பி.எஸ்.ஐ.ஆர். முறை ஓரளவு சமாளித்துக் கொடுக்கும். என்ன செய்தும் தசையைக் கறுப்பாக்க முடியவில்லை என்றால் அமிலாய்டை (தசையில் புரதம் படியும் நோய்) நினையுங்கள். வடு உள்சுவரில் தொடங்கினால் மாரடைப்பு. நடுச்சுவரில் கோடாக இருந்தால் டைலேட்டட் கார்டியோமயோபதி. வெளிச்சுவரில் என்றால் மயோகார்டைட்டிஸ் பக்கம். சுவரின் பாதிக்கு மேல் வடு இருந்தால் அடைப்பை நீக்கினாலும் அந்தப் பகுதி மீள்வது அரிது. தலசீமியாப் பிள்ளைகளுக்கு டி2 ஸ்டார் (இரும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. அளவு) 20 மில்லிசெகண்டுக்குக் கீழ் என்றால் இதயத்தில் இரும்பு படிந்திருக்கிறது, 10-க்குக் கீழ் என்றால் அவசரம். இந்த எண்ணை எக்கோ தரவே தராது.

கடைசியாக நீங்கள் கேட்ட "வெவ்வேறு திசை" பற்றி. ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்ஹார்ட் ஆய்வைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு வந்த 4146 பேர். வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்தவர்களில் 5 ஆண்டுகளில் இதய மரணமோ மாரடைப்போ கண்டவர்கள் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கையோ 5 ஆண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் வந்தது தடுப்பு மருந்துகளில். படத்தைப் பார்த்த பிறகு ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சரியான ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தன. படம் யாரையும் குணப்படுத்துவதில்லை, அதற்குப் பின் செய்வதுதான் குணப்படுத்துகிறது. அதை ஒழுங்காகச் செய்யும் இடத்துக்குப் பெயர்தான் மறுவாழ்வுப் பிரிவு. பிரித்து எடு என்பவர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆறுநிமிடம் பதில்:

மறுவாழ்வுப் பிரிவு என்றதும் எல்லோரும் ட்ரெட்மில் விலை கேட்பார்கள். நீங்கள் முதலில் வாங்க வேண்டியது டீஃபிப்ரிலேட்டர், ஆக்சிஜன், அவசர மருந்துத் தள்ளுவண்டி. பிறகு ஒரு ட்ரெட்மில், இரண்டு சைக்கிள், டெலிமெட்ரி (பயிற்சியின்போது இ.சி.ஜி. பார்க்கும் கம்பியில்லாக் கருவி), ரத்த அழுத்தக் கருவி, குளுக்கோமீட்டர், சிறு எடைகள், ரப்பர் பட்டைகள். திருப்பமில்லாத 30 மீட்டர் நடைபாதை ஒன்றும் வேண்டும். 6 நிமிட நடைச் சோதனையை 15 மீட்டரில் நடத்தினால் திரும்பித் திரும்பியே தூரம் குறையும். அடுத்த முறை வேறு இடத்தில் எடுத்ததோடு ஒப்பிடவும் முடியாது. சோதனையின்போது கூடவே நடக்காதீர்கள், அவர் உங்கள் வேகத்துக்கு நடப்பார். ஆட்கள்: நீங்கள், இதயப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட், ஒரு செவிலியர், வாரம் இரண்டு நாள் உணவு ஆலோசகர். உயிர்காப்புப் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம்.

அமெரிக்க மாதிரி வாரம் 3 வீதம் 12 வாரம், மொத்தம் 36 அமர்வு. இங்கே அப்படியே எடுத்துவைத்தால் நான்காம் வாரமே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பஸ் செலவு, ஒருநாள் கூலி, துணைக்கு வர ஆளில்லை என்பவைதான் காரணங்கள். முதல் 2 அல்லது 3 வாரம் மையத்தில், பிறகு வீட்டில் பயிற்சியும் வாரம் ஒரு போனும் என்று கலந்து அமையுங்கள். இந்தியாவில் 24 மையங்களில் 3959 பேரிடம் நடந்த யோகாகேர் ஆய்வில் 12 வாரத்தில் 13 அமர்வுகள்தான். மாரடைப்பு, மரணம் போன்றவை குறைந்ததாக அது நிறுவவில்லை. ஆனால் வாழ்க்கைத் தரமும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டன. பாய் விரிக்க இடமிருந்தால் போதும் என்பதால் சிற்றூர்களில் இதை நடத்தலாம்.

இனி பயிற்சி அளவு. "220-இல் வயதைக் கழி" என்பதை மறந்துவிடுங்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவரிடம் அது பொய்க்கணக்கு. வழக்கமான மாத்திரைகளை எடுத்த நிலையிலேயே டி.எம்.டி. (ட்ரெட்மில் சோதனை) செய்யுங்கள். நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் டி.எம்.டி.க்கு மருந்தை நிறுத்தும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஓய்வில் 70, உச்சத்தில் 130 என்றால் இடைவெளி 60. அதில் 40 சதவீதம் 24, 70 சதவீதம் 42. ஆக 94 முதல் 112 வரை. முதல் இரு வாரம் கீழ் எல்லையிலேயே வையுங்கள். டி.எம்.டி. செய்யவில்லை என்றால் ஓய்வுத் துடிப்போடு 20 முதல் 30 கூட்டி, போர்க் அளவில் (எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நோயாளியே சொல்லும் 6 முதல் 20 வரையான எண்) 11 முதல் 13-க்குள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. எந்தத் துடிப்பில் இ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு இறங்குகிறதோ அல்லது வலி வருகிறதோ அதற்கு 10 கீழே நிறுத்துங்கள். ஐ.சி.டி. (உடலில் பொருத்திய ஷாக் கருவி) உள்ளவருக்கு அது ஷாக் கொடுக்கும் எல்லைக்கு 10 முதல் 20 கீழே. அந்த எல்லை என்ன என்பதைப் பொருத்தியவரிடம் எழுத்தில் வாங்கி அட்டையில் ஒட்டுங்கள்.

அன்றாடம் நடக்கும் தவறுகள்: உடம்பைத் தளர்த்தும் கடைசி 10 நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டுவது. ரத்தம் காலிலேயே தேங்கி அழுத்தம் விழுவதும் துடிப்புக் கோளாறு வருவதும் அப்போதுதான். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவரைச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருக்கும்போதே ஏற்றுவது. 15 கிராம் மாவுச்சத்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஓய்விலேயே 180/110 தாண்டியவரை "நடந்தால் குறையும்" என்று விடுவது. இரண்டு நாளில் எடை 2 கிலோ ஏறிய ஹார்ட் ஃபெய்லியர் நோயாளியின் எடையைப் பார்க்காமலே சைக்கிளில் உட்காரவைப்பது. பைபாஸ் ஆனவர் நெஞ்செலும்பு கூடும் வரை, 8 முதல் 12 வாரம், கைகளுக்கு எடைப் பயிற்சி வேண்டாம். தண்ணீர்க் குடமும் எடைதான் என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

தமிழக அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" 8 கி.மீ. பாதைகள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. மூன்றாம் கட்டத்துக்கு (மையப் பயிற்சி முடிந்து தானே தொடரும் நிலை) வந்துவிட்டவருக்கு அருமையான இடம். ஆனால் மாரடைப்பான மூன்றாவது வாரத்தில் உற்சாகமாக முழுப் பாதையையும் நடக்கக் கிளம்பும் ஆட்கள் உண்டு. எத்தனை நிமிடம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். "நடங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். உணவிலும் அப்படித்தான். "உப்பைக் குறைங்க" என்பதைவிட, வீட்டில் மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்குகிறார்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். நாளுக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்குக்கு வெளியே.

பணம்: காப்பீடு இதற்குத் தனியாகத் தருமா என்று திட்டம் போடும்போதே எழுத்தில் கேளுங்கள். வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் எக்கோ வருமானம்தான் இந்தப் பிரிவைத் தாங்கும்.

இறுதியாண்டு:

ரொம்ப நன்றி சார், மேடம். இன்னும் ஒன்று: எக்கோவில் பார்ப்பது பயிற்சிச் சீட்டை எந்தெந்த இடத்தில் மாற்றும்? எக்கோவை எப்போது திரும்ப எடுப்பது?

நீள்அச்சு:

தீவிரப் பெருந்தமனி வால்வுச் சுருக்கம், அறிகுறியோடு: பயிற்சி இல்லை, வால்வு முதலில். முன்சுவர் மாரடைப்புக்குப் பின் ஏபெக்ஸில் அசையும் ரத்தக்கட்டி: மருந்து தொடங்கி மறுபடி பார்க்கும் வரை பொறுங்கள். ஹைப்பர்ட்ரோபிக் (இதயத் தசை தடித்த) வகையில் ஓய்வில் கிரேடியன்ட் 15 என்று திருப்திப்படாமல் வால்சால்வா (மூச்சை அடக்கி முக்குதல்) செய்யவைத்து, நிற்கவைத்து, உடற்பயிற்சிக்குப் பின்னும் பாருங்கள். 50 தாண்டினால் அது வேறு நோயாளி. மைட்ரல் சுருக்கத்தில் ஓய்வில் எல்லாம் சுமாராக இருந்து மாடி ஏறினால் மூச்சுவாங்குகிறது என்றால் ஸ்ட்ரெஸ் எக்கோ. ட்ரெட்மில்லிலிருந்து இறங்கிய 60 முதல் 90 நொடிக்குள் படங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குக் கட்டில் ட்ரெட்மில்லை ஒட்டியே இருக்கட்டும், ஜெல் தயாராக இருக்கட்டும். ஈ.எஃப். 40-க்குக் கீழ்: அதிக ஆபத்துப் பிரிவு, டெலிமெட்ரியோடு மையத்திலேயே. பைபாஸுக்குப் பின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புதிதாக மூச்சுவாங்கினால், உடம்பு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் முன் பெரிகார்டியத்தில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் பின்பக்கமாக மட்டும் தேங்கி நிற்கலாம், ஒரே ஒரு வியூவில் முடிக்காதீர்கள்.

திரும்ப எடுக்கும் நேரம்: மாரடைப்பான முதல் வாரத்து ஈ.எஃப்.பை வைத்து ஆயுளைத் தீர்மானிக்காதீர்கள். தசை மரத்துப் போயிருக்கும், மீளும். ஐ.சி.டி. முடிவுக்கு மாரடைப்பிலிருந்து குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் அல்லது பைபாஸிலிருந்து 90 நாள் கழித்து எடுத்த எக்கோ வேண்டும். 12 வார மறுவாழ்வின் முடிவும் அந்த 90-ஆம் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

ஆறுநிமிடம்:

அதோடு, 12 வாரம் கழித்து ஈ.எஃப். மாறவில்லை என்று நோயாளி சோர்ந்துபோவார். பயிற்சியின் பலன் பெரும்பாலும் கால் தசையிலும் ரத்தநாளங்களிலும்தான். எக்கோவில் அதைத் தேடினால் கிடைக்காது. நடைத்தூரம் 30 மீட்டர் கூடினாலே அர்த்தமுள்ள முன்னேற்றம். அந்த எண்ணையும், டி.எம்.டி.யில் எத்தனை மெட்ஸ் (உழைப்புத் திறன் அளவு) கூடியது என்பதையும் எக்கோ அறிக்கையின் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று, மறுவாழ்வுக்கு அனுப்பும் பேச்சு டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே நடக்க வேண்டும், தேதியும் நேரமும் குறித்து. "ரெவ்யூவுக்கு வரும்போது பார்க்கலாம்" என்றால் வரமாட்டார்கள். உங்கள் எக்கோ அறிக்கையின் கடைசியில் இப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "ஈ.எஃப். 42 சதவீதம், ரத்தக்கட்டி இல்லை, பெரிகார்டியத்தில் நீர் இல்லை, வால்வுகளில் தடை இல்லை. மேற்பார்வையில் பயிற்சி தொடங்கலாம். முதல் அமர்வு வரும் திங்கள் காலை 8 மணி, இரண்டாம் தளம். மாத்திரைகளை வழக்கம்போல் எடுத்துவிட்டு, இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஷூ போட்டு வரவும்."